ஜடைபில்லையும் ஓர் அடகுச் சீட்டும்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் பெங்களூர். பெங்களூர் என்றால் எனக்கு ஸ்ரீராம்புரம்தான், பெங்களூர்-21. வெளியூர்க்காரர்கள் மல்லேஸ்வரம் பக்கம் என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். நாங்களும் கல்யாணப் பேச்சு நடக்கும்போது மட்டும் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம் :-)

மூன்று வார லீவில் எங்கும் போகாமல், யாரும் வராமல், சும்மா வீட்டில் கிடந்த நாள் ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பல வருடங்களுக்கு முன்னால் இதே இடத்தில் நான் எழுதிய ஒன்று தப்பு. அதைத் திருத்தியாக வேண்டும். விஷயத்துக்கு வர கொஞ்சம் சுற்றுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் அத்தை மார்க்கெட்டிலிருந்து பூ வரவழைத்திருந்தாள். மொட்டு மல்லி, கனகாம்பரம், கொஞ்சம் மரிக்கொழுந்து. என் மகளுக்குப் பூ தைத்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்பது அத்தையின் நீண்ட நாள் ஆசை. பெண்ணுக்கு வயது பன்னிரண்டு, முடி இடுப்பு வரை. "இந்த முடிய வெச்சினு அமெரிக்காவுல என்னா பண்றீங்க?" என்று ஒவ்வொரு போன் காலிலும் கேட்டுக்கொண்டிருந்தவள்.

பூ தைப்பது என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வாழைப்பட்டையை ஜடை அகலத்துக்கு நறுக்கி, அதன் மேல் மல்லி மொட்டுகளை வரிசையாக ஊசி நூலால் தைத்து, நடுவில் கனகாம்பரத்தால் கோலம் மாதிரி போட்டு, அதை அப்படியே ஜடை மேல் வைத்துக் கட்டுவது. கன்னடத்தில் மொக்கின ஜடெ என்பார்கள். மொட்டு ஜடை. தெலுங்கு வீடுகளிலும் உண்டு. மூன்று மொழிக்காரர்களும் ஒரே தெருவில் இருந்த எங்கள் பேட்டையில், இது யாருடைய பழக்கம் என்று யாரும் கேட்டதில்லை.

தைத்து முடித்ததும் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போவார்கள். அங்கே பெண்ணுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி வைத்திருப்பார்கள். முகமும் தெரிய வேண்டும், முதுகில் ஜடையும் தெரிய வேண்டும், ஒரே படத்தில். பிலிம் விலை அப்படி. தென்னிந்தியாவில் ஒரு தலைமுறைப் பெண்களின் ஆல்பத்தைத் திறந்தால் இந்தக் கண்ணாடிப் படம் ஒன்றாவது இருக்கும். சிரிக்காத முகம், பக்கத்தில் பூக்குவளை ஸ்டூல், பின்னால் கண்ணாடிக்குள் பூ ஜடை. இந்தப் படங்களை யாராவது சேகரித்து ஒழுங்காக ஒரு புத்தகம் போட்டால் நல்லது என்று எனக்குத் தோன்றும். நகை, துணி, பூ, ஸ்டூடியோ திரைச்சீலை எல்லாவற்றுக்கும் அதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

எங்கள் அத்தைக்கும் அப்படி ஒரு படம் உண்டு. 1964-ல் எடுத்தது. அதில் கண்ணாடிக்குள் பார்த்தால், மொட்டு வரிசைக்கு மேலே, தலையின் பின்பக்கம் வட்டமாக ஒரு நகை. கெம்புக்கல் வைத்த ஜடைபில்லை. என் ஆயாவுக்கு அவள் அம்மா குடியாத்தத்தில் போட்டு அனுப்பியது.

குடியாத்தத்திலிருந்து எங்கள் தாத்தா பெங்களூர் வந்தது 1930-களில். நெசவுக் குடும்பம். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு பெங்களூர் ஒன்றும் அந்நிய தேசமில்லை. 1864-லேயே ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்டுக்கு ரயில் வந்துவிட்டது. வட ஆற்காட்டில் மழை பொய்த்தால் ஜனங்கள் ரயிலேறினார்கள். ஒரு கூட்டம் கோலார் தங்க வயலுக்குப் போனது, 1880-லிருந்து அங்கே ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் நடத்திக்கொண்டிருந்தது. இன்னொரு கூட்டம் பெங்களூர் மில்களுக்கு வந்தது. 1884-ல் தொடங்கி பின்னாளில் எல்லோரும் பின்னி மில் என்றே சொன்ன உல்லன், காட்டன் அண்ட் சில்க் மில், அப்புறம் மினர்வா மில், ராஜா மில். தறி ஓட்டத் தெரிந்த கைக்கு அங்கே வேலை இருந்தது. மில்லுக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்த ஓகலிபுரம், ஸ்ரீராம்புரம் பக்கமெல்லாம் அப்படித்தான் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்தன. சங்கு ஊதினால் அடுப்பு மூட்ட வேண்டும், அடுத்த சங்குக்கு ஆள் தெருவில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கடிகாரம் வந்தது ரொம்பப் பின்னால்.

நிற்க. பூ விஷயத்துக்கு வருகிறேன்.

சின்ன வயதில் எனக்கு ஒரு தீராத குழப்பம். ஸ்ரீராம்புரத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் சம்பிகே ரோடு. சம்பிகே என்றால் சம்பங்கி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆயா கட்டுகிற வெள்ளைக் குழல் பூதான் அது, அந்த ரோடு முழுக்க ஒரு காலத்தில் சம்பங்கித் தோட்டம் என்று நண்பர்களிடம் அளந்துகூட விட்டிருக்கிறேன். கன்னடத்தில் சம்பிகே என்பது நம்முடைய செண்பகம். மரம். நம் சம்பங்கியை அவர்கள் சுகந்தராஜ என்கிறார்கள். பக்கத்திலேயே மார்கோசா ரோடு இருக்கிறது, அது வேம்பு. 1898-ல் பிளேக் வந்து பேட்டைக்குள் ஜனம் செத்து விழுந்த பிறகு, காற்றோட்டமாக வாழ வேண்டும் என்று போட்ட புது எக்ஸ்டென்ஷன்கள்தான் மல்லேஸ்வரமும் பசவனகுடியும். அதனால்தானோ என்னவோ ரோட்டுக்கெல்லாம் மரத்தின் பெயர். மில்காரர்கள் குடியிருந்த எங்கள் பக்கத்துச் சந்துகளுக்கு அப்படி வாசனையான பெயர் கிடைக்கவில்லை. கிராஸ் நம்பர்தான்.

இதில் வேடிக்கை, அந்தச் சம்பங்கி நம் ஊர்ப் பூவே இல்லை. மெக்சிகோவிலிருந்து வந்தது. துலுக்கச் சாமந்தியும் மெக்சிகோதான். செவ்வந்தி சீனாவிலிருந்து வந்தது. சாமிக்குப் போடுகிற மாலையில் பாதி வந்தேறிப் பூக்கள். கனகாம்பரம் மட்டும் அசல் தென்னிந்தியா, இலங்கை மண். அதற்குத்தான் வாசனை இல்லை, பாவம். ஆனால் பெங்களூர்ப் பெண்களிடம் கனகாம்பரத்துக்கு இருக்கிற மரியாதை மல்லிக்குக் கிடையாது. வரமகாலட்சுமி நோன்பு சமயத்தில் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிப் போகும், அப்போதும் வாங்குவார்கள். கனகம், அம்பரம், பொன்னாடை. நகை இல்லாதவளுக்குத் தலையில் பொன் என்பாள் ஆயா.

பெங்களூரின் பூ வரலாற்றை எழுதினால் முதலில் திகளர்களைத்தான் எழுத வேண்டும். தமிழ் நாட்டுப் பக்கமிருந்து எப்போதோ வந்து இங்கேயே வேரூன்றிய தோட்டக்காரச் சமூகம். பேச்சில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வரும். பெங்களூரின் பெரிய திருவிழாவான கரகம் அவர்களுடையது. சித்ரா பௌர்ணமி இரவில் திகளர்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் புறப்படும். எடுப்பவர் ஆண், ஆனால் சேலை கட்டி, வளையல் போட்டு, திரௌபதியாக வருவார். தலையில் கூம்பு மாதிரி மல்லிகைப் பந்தல், சுற்றி உருவிய வாளோடு வீரகுமாரர்கள். வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய்விட்டுத்தான் திரும்பும். சின்ன வயதில் நைனா தோளில் உட்கார்ந்து பார்த்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆடி ஆடிப் போகிற ஒரு வெள்ளைப் பூக்குவியல்தான். நூற்றாண்டுகளாகத் தமிழ் வேரோடு வந்த ஒரு கூட்டம், பெங்களூரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் புரியும்.

இப்போது பூவெல்லாம் வருவது கே.ஆர். மார்க்கெட்டுக்கு. சித்திகட்டே என்ற குளம் இருந்த இடத்தில் 1928-ல் கட்டிய மார்க்கெட். விடிவதற்கு முன்பே ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும். ஆயா ஐந்து மணிக்கு அங்கே போய் உதிரிப் பூ வாங்கி வந்து, கட்டி, தெருவில் விற்றவள். தாத்தா போன பிறகு வீட்டில் காசு பார்த்த கை அவளுடையது. முழக்கணக்கு கன்னட வீட்டில் செல்லாது, அங்கே மாரு. இரண்டு கையையும் விரித்த அகலம் ஒரு மாரு. ஆயா குள்ளம், அதனால் அவள் மாரும் குள்ளம். "பாட்டி, நிம்ம மாரு சிக்கது" என்று வாடிக்கைக்காரர்கள் சண்டை பிடிப்பார்கள். இவள் கூட ஒரு கண்ணி விட்டுச் சமாதானம் செய்வாள்.

சரி, ஜடைபில்லை.

2007-ல் நான் எழுதியதைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். எங்கள் வீட்டில் இருந்த ஒரே பரம்பரை நகை 1991 கலவரத்தில் போயிற்று என்று எழுதியிருந்தேன். கொஞ்சம் கோபமாகவே எழுதியிருந்தேன்.

அந்தக் கலவரம் பற்றித் தெரியாத பிள்ளைகளுக்காக. காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூன் 25-ல் இடைக்கால உத்தரவு போட்டது, தமிழ் நாட்டுக்கு வருடம் 205 டி.எம்.சி. தண்ணீர் விட வேண்டும் என்று. கர்நாடக அரசு அதை மறுத்து அவசரச் சட்டம் கொண்டு வந்தது. உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. டிசம்பர் 11-ல் மத்திய அரசிதழில் உத்தரவு வெளியானது. 12, 13 தேதிகளில் பெங்களூரிலும் மைசூர்ப் பக்கத்திலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். கடைகள், வீடுகள், குடிசைகள் எரிந்தன. உயிர்கள் போயின. ஆயிரக்கணக்கானவர்கள் கிடைத்த ரயிலிலும் லாரியிலும் எல்லை தாண்டினார்கள். அல்சூர் ஏரிக்கரையில் அந்த வருடம் வைத்த திருவள்ளுவர் சிலை, மூடிய துணியோடு 18 வருடம் நின்று, 2009 ஆகஸ்ட் 9-ல்தான் திறக்கப்பட்டது.

நான் அப்போது தாவணகெரெயில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தேன். கூடப் படித்தவர்கள் என்னை அறைக்குள்ளேயே வைத்திருந்து சாப்பாடு கொண்டு வந்து கொடுத்தார்கள். வீட்டுச் செய்தி தெரியவே பத்து நாள் ஆயிற்று. ஆயா, நைனா, அம்மா, அத்தை எல்லோரும் இரவோடு இரவாக ரயிலேறி ஜோலார்பேட்டை போய், அங்கிருந்து குடியாத்தம் போயிருந்தார்கள். பொங்கல் கழித்துத்தான் திரும்பினார்கள். நான் லீவில் வந்தபோது ஆயாவிடம் ஜடைபில்லை எங்கே என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று நினைவில்லை. "அந்தக் கலாட்டால எல்லாந்தான் போச்சு" என்றாள். அவ்வளவுதான். மீதியை நான் கட்டினேன். முந்தானையில் முடிந்திருப்பாள், ஸ்டேஷன் கூட்டத்தில் யாரோ அறுத்திருப்பான். முப்பது வருடத்தில் அந்த "இருப்பான்" எல்லாம் கழன்று, நடந்ததாகவே ஆகிவிட்டது. இங்கே நியூஜெர்சியில் கன்னட நண்பர் ஒருவர் வீட்டு விருந்தில்கூட இதை ஒரு மாதிரிக் குத்தலாகச் சொல்லியிருக்கிறேன். அவர் ஒன்றும் பேசாமல் எனக்கு மோர் ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அத்தை மொட்டு தைத்துக்கொண்டிருந்தாள். பழைய போட்டோவைப் பார்த்துக்கொண்டே தைக்கலாம் என்று பரணிலிருந்து ஆயாவின் டிரங்குப் பெட்டியை இறக்கினேன். உள்ளே ஒரு பித்தளைச் சொம்பு, காமாட்சி விளக்கு, தாத்தாவின் மில் கம்பளி ஒன்று (பூச்சி தின்றது போக), ஜரிகை இல்லாத ஒரு பட்டு. ஜரிகையை எவர்சில்வர் பாத்திரக்காரனிடம் கொடுத்து ஒரு அடுக்கு வாங்கியிருக்கிறாள். 70-களில் எத்தனை வீட்டு வெள்ளி ஜரிகையும் வெண்கலமும் அப்படி எவர்சில்வராக மாறிற்று என்பதற்கு யாரிடமும் கணக்கு கிடையாது. பரம்பரைச் சொத்தைத் திருடன் கொண்டு போனதைவிடப் பாத்திரக்காரன் கொண்டு போனது அதிகம் என்பது என் அபிப்ராயம்.

அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் ரேஷன் கார்டு, தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், நான்காக மடித்த மஞ்சள் சீட்டு. அடகுக் கடைச் சீட்டு. கன்னடத்தில் அச்சடித்து, பேனாவில் எழுதியது. ஜடெ பில்லெ 1, கெம்பு சகித. 1,800 ரூபாய். தேதி 17-7-89.

1989. கலவரத்துக்கு இரண்டரை வருடம் முன்னால்.

நான் இரண்டு மூன்று தடவை தேதியைப் படித்தேன். 1961-ல் கர்நாடகத்தில் அடகுக்காரர்கள் சட்டம் வந்த பிறகு, லைசென்ஸ் உள்ள கடைகள் இப்படிச் சீட்டு எழுதித்தான் தர வேண்டும். 10 கிராம் தங்கம் அப்போது சுமார் 3,100 ரூபாய். பில்லை ஒன்று, ஒன்றேகால் பவுன் இருக்கும். தொகை சரியாகத்தான் இருக்கிறது. மீட்டிருந்தால் சீட்டைக் கடையில் வாங்கிக்கொண்டிருப்பார்கள். சீட்டு வீட்டில் இருக்கிறது.

"அத்தே, இது என்னா?"

அத்தை கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள். ஊசியைக் கீழே வைக்கவில்லை.

"உன் பீஸுதான்டா கண்ணு."

"எந்த பீஸு?"

"மொத வருச பீஸு. நைனாகிட்ட சீட்டு எடுத்தேன்னு சொல்லிட்டா எங்கம்மா. நானும் அவளும்தான் போய் வெச்சுட்டு வந்தோம். உங்க நைனாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது."

"அப்ப கலாட்டால போச்சுன்னு...?"

"மீக்க முடியல. நீ வந்து கேக்கற. படிக்கற புள்ளகிட்ட உன்னாலதான் போச்சுன்னு சொல்லுவாளா? வாயில வந்தத சொன்னா. அப்பறம் நீயே ஊரெல்லாம் சொல்லினு இருந்த. நான் என்னாத்துக்கு நடுவுல?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், அந்தக் கலவரத்தில் நம் வீட்டில் எதுதான் போயிற்று என்று கேட்டேன். அத்தை யோசித்தாள். ஒரு டம்ளர்கூடப் போகவில்லையாம். சாவியைப் பக்கத்து வீட்டு அஜ்ஜியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கதவில் எழுதியிருந்த தமிழ்ப் பெயரை அஜ்ஜியின் மகன் சாக்பீஸால் அடித்துவிட்டு, மேலே கன்னடத்தில் தன் வீட்டுப் பெயரை எழுதி வைத்திருந்தானாம். அரிசிப் பானையில் எறும்பு மட்டும் வந்திருந்தது. "ஆனா ரயில்ல நாங்க போன மாதிரி எதிரிகூடப் போகக் கூடாது" என்றாள். "கக்கூஸ் வாசல்ல ராத்திரி முச்சூடும் நின்னா எங்கம்மா. வாயத் தொறந்து தமிழ் பேசாதீங்கன்னு உங்கம்மா வாயப் பொத்தினா நைனா. அது போவல பாரு, இன்னும்."

ஆக, திருத்தம் இதுதான். எங்கள் ஜடைபில்லை கலவரத்தில் போகவில்லை. என் படிப்புக்குப் போனது. இதனால் கலவரம் நடக்கவில்லை என்றோ சின்ன விஷயம் என்றோ ஆகாது. வீடு எரிந்தவர்கள் இருக்கிறார்கள், உயிர் போனவர்கள் இருக்கிறார்கள். பயந்து ஓடியது எங்கள் வீட்டுக்கும் நிஜம். ஆனால் அந்த நிஜத்துக்குச் சாட்சியாக நான் இத்தனை வருடம் தூக்கிக் காட்டிய பொருள் பொய்ச்சாட்சி. யார் மீதோ போட்டிருந்த கடன் என் மீதே இருந்திருக்கிறது. கன்னட நண்பருக்கு இதைப் படித்துச் சொல்ல வேண்டும். மோர் ஊற்றியவர்.

அதே அஜ்ஜி நாலு மணிக்கு வந்தார், கையில் சாமிக்குப் போட்டது போக மீந்த செண்பகம் இரண்டோடு. தொண்ணூறைத் தொடுகிற வயது. சாக்பீஸ் விஷயத்தைக் கேட்டால் அவருக்கு நினைவில்லை. ஆயாவின் குட்டை மாரு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. என் மகள் ஜடையைத் தொட்டுப் பார்த்து, மொட்டு நெருக்கம் போதாது என்று அத்தையோடு கன்னடத்தில் சண்டை போட்டார். அத்தை தமிழில் பதில் சொன்னாள். மொட்டை மாடியில் ஜடையைக் காய்ந்துவிடாமல் ஈரத்துணி போட்டு வைத்திருந்தோம். 2014-லிருந்து மெட்ரோ அந்தப் பக்கம் மேலேயே போகிறது, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பச்சை வண்டி.

ஜடைபில்லை இல்லாததால் சிக்பேட்டையில் வாங்கிய கில்ட் பில்லை ஒன்றை வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. இப்போது ஸ்டூடியோ எல்லாம் பாஸ்போர்ட் போட்டோவும் ஜெராக்ஸும்தான், ஆளுயரக் கண்ணாடிக்கு எங்கே போவது? பீரோவின் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்து, அதன் முன்னால் மகளை நிற்க வைத்து செல்போனில் எடுத்தேன். எந்தப் பக்கம் நின்றாலும் ஜடையோடு சேர்ந்து நானும் கண்ணாடிக்குள் வந்துகொண்டே இருந்தேன். ஏழெட்டு எடுத்த பிறகு அத்தை, "இருந்தா இருந்துட்டுப் போற, எடு" என்றாள். எடுத்தேன்.